எனக்கு நானே குறித்துக்கொள்ளும் கடைசித் தேதியை நானே மதிப்பதில்லை. கல்லூரி வேலைகளை எப்படித்தான் முடிப்பது?

பி.இ. படித்தபோது எனக்கு இந்தப் பிரச்சினை இருந்ததே தெரியாது. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு மூன்று ரிவியூ. ஒவ்வொன்றிலும் ஏதாவது ரிசல்ட் காட்டியே ஆகவேண்டும். பிஎச்டி சேர்ந்த பிறகு, ஆய்வை மதிப்பிடும் கமிட்டி கூடுவதே ஆறு மாதத்துக்கு ஒருமுறை. நடுவில் நானே காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுக்கொண்டேன். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கு மட்டும் நான்கு வட்டம். எழுதியது மூன்று பக்கம்.

அப்போதுதான் டான் ஏரியலி, கிளவுஸ் வெர்டன்புரோக் என்ற இரு ஆய்வாளர்கள் தள்ளிப்போடுவது பற்றி 2002இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்கு மூன்று கட்டுரைகள். ஒரு பிரிவுக்கு ஆசிரியரே சம இடைவெளியில் தேதி கொடுத்தார். இன்னொரு பிரிவு தானே தேதி எழுதித் தரவேண்டும். பிறகு மாற்ற முடியாது, ஒருநாள் தாமதமானால் ஒரு சதவீத மதிப்பெண் போகும். முன்னதாகக் கொடுப்பதால் மதிப்பெண் கூடாது. ஆக, மூன்றுக்கும் கடைசி நாளையே எழுதுவதுதான் கணக்குக்குச் சரி. ஆனால் பெரும்பாலோர் அப்படி எழுதவில்லை. தள்ளிப்போடுவோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது! எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மதிப்பெண்ணில் முந்தியது ஆசிரியர் தேதி கொடுத்த பிரிவுதான். பிழைதிருத்தும் வேலையை வைத்துச் செய்த அடுத்த சோதனையிலும் அதே கதை. ஆனால் அதில், முடிவில் ஒரே ஒரு தேதி மட்டும் இருந்தவர்களைவிடத் தாங்களே தேதி குறித்தவர்கள் நன்றாகச் செய்தார்கள்.

அதனால் தேதி குறிப்பதை விட்டுவிடாதீர்கள். அவர்கள் தேதியை இன்னொருவர் கையில் எழுதிக் கொடுத்தார்கள். என் வட்டத்தைப் பார்த்தது நான் மட்டும்தான்.

ஹாஸ்டலில் பக்கத்து அறை அக்காவிடம் கேட்டேன்: சனிக்கிழமை இரவு மெஸ்ஸுக்குப் போகும் முன் நான்கு பக்கம் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன், எண்ணிப் பார்த்துக் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று. அவர் துறையே வேறு, படிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் இரண்டு பக்கத்தோடு போய் நின்றேன். "சரி, மீதி ரெண்டையும் நாளைக்கு டிபனுக்கு முன்னாடி கொடு" என்றார். திட்டவில்லை. ஆனால் காலையில் எனக்காகக் காத்திருப்பார் என்று தெரிந்ததால் அன்றிரவே உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

உங்களுக்கு அது வகுப்புத் தோழராக இருக்கலாம், தம்பியாகவும் இருக்கலாம். ஒரே பெரிய தேதி வேண்டாம். வாராவாரம் சின்னதாகக் கொடுங்கள்.

இரண்டாம் அத்தியாயம் ஏழு சனிக்கிழமைகளில் முடிந்தது. மூன்றாவதில் சில வாரங்கள் தவறின, பெரும்பாலும் அக்கா ஊருக்குப் போயிருந்த வாரங்கள்.