மகளிர் விழாவில் வெள்ளத்துக்கு என்ன வேலை?

கேள்வி: எங்கள் அடுக்குமாடியில் மகளிர் தின விழா வைக்கிறோம். சாதித்த பெண்களுக்குச் சிறப்பு செய்வதோடு பருவநிலை மாற்றத்தைப் பற்றியும் பேச வேண்டும் என்று நாங்கள் சில பெண்கள் கேட்டோம். "பெண்கள் விழாவில் அதெல்லாம் எதற்கு? கோலப்போட்டியும் பொன்னாடையும் போதும்" என்கிறார் செயற்குழுவில் ஒருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு அவர் பினாங்கில் இருந்தாரா என்று முதலில் கேளுங்கள். விடிய விடியக் கொட்டிய அந்த மழையில் ஏழு பேர் இறந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் ஜாலான் பி.ராம்லி பக்கம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். சுவரில் என் இடுப்புக்கு மேலே சேற்றுக்கோடு. நண்பர் வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் தண்ணீர் ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி உள்ளே ஊறிப்போன அரிசி மூட்டையை இழுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மாமியாரின் நீரிழிவு மாத்திரையை மட்டும் தண்ணீர் ஏறும்போதே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாராம். அந்த வீட்டில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது. அந்த ஈரமெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் கொட்டும்போது, வெட்டிப்போட்ட மலைச்சரிவில் மண் சரியும், அடைத்துக் கிடக்கும் கால்வாய் வீட்டுக்குள் வரும். அப்புறம் சேற்றை அள்ளுவது யார், அடுத்த வேளைக்கு உலை வைப்பது யார்? பெண்கள் விழாவில் இதைப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

சாதனைப் பெண் என்றால் யார் என்றும் அவரிடம் கேளுங்கள். நம் பினாங்கிலேயே வழக்கறிஞர் மீனாட்சி ராமன் இருக்கிறார். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் அரிய மண் கனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்துக் கிராமத்து மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்களே, அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர். 1987-இல் அரசாங்கம் நடத்திய 'ஓப்பராசி லாலாங்' கைது வேட்டையில் அவரையும் விசாரணையே இல்லாமல் பிடித்து உள்ளே வைத்தார்கள். வெளியே வந்தும் அவர் விடவில்லை. 1992-இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மறு ஆண்டே மேல்நீதிமன்றம் அதைத் தள்ளியது, ஆனாலும் 1994-இல் ஆலையை மூடிவிட்டார்கள். இன்று உலக நாடுகளின் பருவநிலைப் பேச்சுவார்த்தைகளில் ஏழை நாடுகளுக்காக வாதாடும் குரல்களில் அவருடையதும் ஒன்று. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மார்ச் 8 பொன்னாடைக்காக வந்த நாளும் இல்லை. 1917-இல் ரஷ்யாவின் பெத்ரோகிராடு நகரத்து நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய நாள் அது.

சரி, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பருவநிலைப் பேச்சு என்றதும் வெளியிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்து, திரையில் படம் ஓட்டி, ஒரு மணி நேரம் எல்லாரையும் உட்காரவைத்து அனுப்பிவிடாதீர்கள். உங்கள் புளோக்கிலேயே பொரித்த எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்துக் கொடுக்கிற அக்கா இருப்பார், காய்கறித் தோலை வாளியில் போட்டு உரமாக்கிக் கறிவேப்பிலை வளர்க்கிற பாட்டி இருப்பார். அவர்களை மேடையில் ஏற்றுங்கள். அவர்கள் பேச்சு வழக்கிலேயே பேசட்டும், பாதியில் யாரும் மைக்கை வாங்க வேண்டாம். 2009-இல் பினாங்கில் திங்கட்கிழமைகளில் இலவசப் பிளாஸ்டிக் பையை நிறுத்தியபோது, 20 சென் கொடுக்க மனமில்லாமல் துணிப்பையைத் தேடி எடுத்து முதலில் பழகியவர்கள் இவர்கள்தான். நான் சந்தையில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. விழா நாளில் சமையலுக்கும் பாத்திரம் கழுவுவதற்கும் ஆண்களின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள், அந்தச் செயற்குழு உறுப்பினர் பெயர் முதலில் இருக்கட்டும். போன வருடம் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், நடந்த இப்படி ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். விருது வாங்க வேண்டிய பெண்ணை மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, அவர் பின்னால் மண்டபத்துச் சமையலறையில் சாம்பார் கிளறிக்கொண்டிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடிவந்து வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசச் சொல்லி யாருமே கேட்கவில்லை.

கோலப்போட்டியும் இருக்கட்டும், அரிசி மாவில் போடுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், வருகிறேன்.