காதில் இரைச்சல் என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. சிறுநீரகத் தொற்றுக்காக மருத்துவமனையில் ஆறு நாட்களாக அமிக்காசின் ஊசி போடுகிறார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால், நேற்று முதல் இரண்டு காதிலும் வண்டு ரீங்கரிப்பதுபோல் கேட்கிறது என்கிறார். பேசுவது நன்றாகக் கேட்பதால், உடல் அசதி என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அடுத்த ஊசி போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். அமிக்காசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய அமினோகிளைகோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்களை அழிக்கக்கூடியவை. அழிந்த செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. கீச்சென்ற மெல்லிய ஒலிகளை உணரும் செல்களே முதலில் பாதிக்கப்படுவதால், தொடக்கத்தில் பேச்சு வழக்கம்போலவே கேட்கும். எனவே, பேச்சு கேட்கிறது என்று நிம்மதியடைய முடியாது. செவித்திறன் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

இந்த மருந்துகள், குறிப்பாக ஜென்டாமைசினும் ஸ்ட்ரெப்டோமைசினும், உட்செவியின் சமநிலை உறுப்பையும் தாக்கும். இரண்டு பக்கமும் ஒருசேரப் பாதிக்கப்படும்போது தலைச்சுற்றல் இல்லாமலேகூடப் போகலாம். நடக்கும்போது எதிரே உள்ள எழுத்துகள் குதிப்பதுபோல் தெரிவதும், முகம் கழுவக் கண்ணை மூடியதும் உடல் தள்ளாடுவதும்தான் அடையாளம். படுத்த படுக்கையாக இருப்பவரிடம் இவை எவர் கண்ணிலும் படாது என்பதால், தாயாரைக் கைப்பிடித்துச் சில அடிகள் நடக்கவைத்துப் பாருங்கள்.

சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவையும் இரத்தத்தில் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். இம்மருந்து சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலில் தேங்கி, காதையும் மேலும் கெடுக்கும். சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் ஐந்தாறு நாட்களுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. அப்போதும் சிறுநீர் வழக்கமான அளவில் போய்க்கொண்டிருக்கலாம். நல்லவேளையாக, மருந்தை நிறுத்தினால் சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும். காதுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. சிறுநீரைப் பெருக்கும் ஃப்யூரோசிமைட், நுண்ணுயிர்க்கொல்லியான வான்கோமைசின், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவற்றுள் எதையேனும் அவர் சேர்த்து எடுத்துவந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆனால், நீங்களாகவே ஊசியை மறுத்துவிட வேண்டாம். பாதியில் விட்ட தொற்று இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவைப் பார்த்து, வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். அந்தக் கேள்வியை நீங்களே தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி சில நாட்களே போட்டுக்கொண்ட என் தாய்மாமாவுக்குக் காது முழுவதும் கேட்காமல் போயிற்று. எனக்கும் அப்படி ஆகுமா?

பதில்: வாய்ப்புண்டு, நீங்கள் கேட்டது மிக நல்லது. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணு ஒன்றில் 1555 என்னும் இடத்தில் ஏற்படும் மாற்றம், அம்மருந்துகள் பாக்டீரியாவைத் தாக்குவதுபோலவே நம் செல்களையும் தாக்க வழிசெய்துவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு ஒரே ஊசிகூடக் கேட்கும் திறனைப் பறித்துவிடலாம். இம்மாற்றம் தாய்வழியில் மட்டுமே வரும்: உங்கள் மாமாவுக்கு அது இருந்தால், உங்கள் தாயாருக்கும், அவர் வழியாக உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தாருக்கும் இருக்கலாம், மாமாவின் பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து வராது. மரபணுப் பரிசோதனையில் இதை அறியலாம். அதுவரை எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும், பென்சிலின் ஒவ்வாமையைச் சொல்வதுபோல இதையும் முதலிலேயே சொல்லி, மருத்துவக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: முன்பு மூன்று வேளை போட்ட ஜென்டாமைசினை இப்போது ஒரே வேளையில் போடுகிறார்களே, அளவு கூடி ஆபத்தாகாதா?

பதில்: ஆகாது. இரத்தத்தில் அளவு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு வேகமாக இம்மருந்து கிருமியைக் கொல்லும். அளவு இறங்கிய பின்னும் சில மணி நேரம் கிருமி தலைதூக்காது. அந்த இடைவெளியில் சிறுநீரகத்தில் மருந்து சேர்வதும் குறைகிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கு, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து ஊசிகளுக்கிடையே உள்ள நேரத்தை நீட்டுவார்கள்.