போர் விமான மாடலைப் பந்தய விமானமாக மாற்றினால் அசலைக் கெடுப்பதாகுமா?

கேள்வி: இரண்டாம் உலகப்போர் விமான பிளாஸ்டிக் கிட் ஒன்றை அமெரிக்காவின் ரீனோ நகரில் நடந்த விமானப் பந்தயத்தில் பறந்த விமானம் போல மாற்றிச் செய்ய ஆசை. "வரலாற்றைப் பொம்மையாக்காதே" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? புதிதாகத் தொடங்குபவரால் முடியுமா?

பதில்:

தாராளமாகச் செய்யுங்கள். இதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். 1/48 அளவில் ஒரு மஸ்டாங் (அமெரிக்கப் போர் விமானம்) கிட்டை வாங்கி அலமாரியில் வைத்திருப்பீர்கள். எங்கோ 'ஸ்ட்ரேகா' என்ற பந்தய விமானத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மஸ்டாங்தான், ஆனால் இறக்கை நுனிகளை வெட்டி, துப்பாக்கிகளைக் கழற்றி, பைலட் தலைக்கு மேல் இருந்த பெரிய குமிழ்க் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தலை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒன்றை மாட்டியிருப்பார்கள். அன்றிலிருந்து பச்சை, சாம்பல் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்தாலே உங்களுக்குச் சலித்துப்போயிருக்கும். இதை வாய்விட்டுச் சொன்னதும் ஒரு பெரியவர் உபதேசத்துக்கு வந்திருப்பார். எனக்கும் வந்தார். பெங்களூரில் ஒரு மாடல் கண்காட்சி. என் மேசைக்கு முன்னால் குனிந்து நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "பொம்மை மாதிரி பளபளன்னு இருக்கே சார், கரியெல்லாம் எங்க?" என்றார். பக்கத்து மேசையில் ஒரு ஸ்பிட்ஃபயர், புகையும் சேறும் பெயிண்ட் உரிந்த தழும்புமாக இருந்தது. அதைப் பத்து நிமிடம் ரசித்தார்.

அவருக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

முதலில் வரலாறு. போர் முடிந்ததும் இந்த விமானங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டாத சரக்காகிவிட்டன. பெரும்பாலானவை உருக்காலைக்குப் போயின. டோனி லெவியர் என்ற சோதனை பைலட் ஒரு பி-38 லைட்னிங்கை 1,250 டாலருக்கு வாங்கி, சிவப்பு அடித்து, 1946-இல் கிளீவ்லாந்தில் நடந்த தாம்சன் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். பால் மான்ட்ஸ் என்ற சினிமா ஸ்டன்ட் பைலட் ஓக்லஹாமாவில் நூற்றுக்கணக்கான விமானங்களை மொத்தமாக வாங்கினார். மஸ்டாங்கின் இறக்கையையே பெட்ரோல் டேங்காக மாற்றி, கலிபோர்னியாவிலிருந்து கிளீவ்லாந்து வரை நடந்த பெண்டிக்ஸ் பந்தயத்தை 1946, 47, 48 என மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தார்.

எஃப்2ஜி கோர்சேர் என்று ஒன்று உண்டு. 28 சிலிண்டர் எஞ்சின் வைத்தது, போர் முடிகிற தறுவாயில் தயாரானது. ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். உற்பத்தி வரிசையில் வந்தது பத்தே விமானங்கள். ஒரு சண்டையிலும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. குக் கிளீலாந்து என்ற முன்னாள் கடற்படை பைலட் அதைக் கொண்டு 1947, 1949 தாம்சன் பந்தயங்களை ஜெயித்தார். 1949-இல் முதல் மூன்று இடமும் எஃப்2ஜிக்குத்தான். இந்த விமானத்தை எந்தப் "போர் வரலாற்று" நிறத்தில் நான் அடிக்க வேண்டும்? அதன் வரலாறே பந்தயம்தானே.

இதைவிட நல்ல சாட்சி டேரில் கிரீனமயரின் பேர்கேட். லாக்ஹீட் கம்பெனியில் எஸ்ஆர்-71 உளவு விமானம் ஓட்டிய சோதனை பைலட் அவர். ஒரு கடற்படை எஃப்8எஃப் பேர்கேட்டை வாங்கி இறக்கை நுனிகளை வெட்டி, குட்டிக் கனோப்பி (பைலட் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடி) மாட்டி, 1969 ஆகஸ்டில் மணிக்கு 483 மைல் வேகம் தொட்டார். ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் வெண்டல் 1939-இல் வைத்த சாதனை 469 மைல். போர் முழுக்கவும் அதன்பிறகும் பிஸ்டன் எஞ்சின் விமானம் எதுவும் அதிகாரபூர்வமாக முறியடிக்காமல் முப்பது வருடம் நின்ற எண் அது. 'கான்குவெஸ்ட் 1' என்று பெயர் வைத்த அந்த பேர்கேட் இப்போது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் வர்ஜீனியா கூடத்தில் இருக்கிறது. அவர்கள் அதைத் திரும்பக் கடற்படை நீலமாக்கவில்லை, வெட்டிய இறக்கையை ஒட்டவில்லை. பந்தயத்தில் பறந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அசலைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறவர்கள் ஸ்மித்ஸோனியனுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வரட்டும்.

இதற்குள் ஒருவர் "நீ ரீனோவை நேரில் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டிருப்பார். இல்லை. இனி பார்க்கவும் முடியாது. 1964-இல் தொடங்கிய அந்தப் பந்தயம் ரீனோவில் 2023-உடன் முடிந்துவிட்டது. படங்களையும் வீடியோக்களையும் வைத்துத்தான் செய்கிறேன். ஜெர்மன் டைகர் டாங்க் மாடல் செய்கிற எல்லாரும் ரஷ்யாவின் குர்ஸ்க் போர்க்களத்தில் நின்றவர்களா?

சரி, கரி விஷயத்துக்கு வருகிறேன். பந்தய விமானம் பளபளவென்று இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் துப்பாக்கி ஓட்டைகளை மூடுவார்கள், தகடுகள் சேரும் கோடுகளைப் புட்டி வைத்து நிரப்பித் தேய்ப்பார்கள், பறந்துவிட்டு வந்ததும் துடைத்து மெழுகு போடுவார்கள். இன்னொன்று, நிறைய மாடல்காரர்களுக்கே தெரியாதது: போர்க்கால மஸ்டாங்கின் இறக்கையையும் தொழிற்சாலையிலேயே ரிவெட் தலைகள், இணைப்புக் கோடுகள் தெரியாமல் புட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளி நிற லேக்கர் அடித்துத்தான் அனுப்பினார்கள். காற்று கலையாமல் சீராகப் போகும்படி வடிவமைத்த அந்த லாமினார் இறக்கைக்கு வழுவழுப்பு அவசியம். கிட்டில் வரும் இறக்கையில் கோடு கோடாகச் செதுக்கியிருப்பார்கள், நாமும் அதில் கறுப்பு மை ஓட்டி "யதார்த்தம்" என்போம். அந்தக் கோடுகளை நிரப்பித் தேய்ப்பவன்தான் அசலுக்குப் பக்கத்தில் இருக்கிறான்.

செய்வதிலும் இதுதான் கடினம். அழுக்கேற்றிய மாடலில் ஒரு கீறல் விழுந்தால் அதன்மேல் கொஞ்சம் துரு, கொஞ்சம் சேறு, முடிந்தது. கண்ணாடி மாதிரி மின்னும் மேற்பரப்பில் ஒரு மணல் அளவு தூசி இருந்தாலும் அது வந்து நிற்கும். நான் கோடுகளை நிரப்புவது சூப்பர் க்ளூவும் அக்ரிலிக் பொடியும் கலந்து. அந்தப் பொடி எனக்குச் சும்மா கிடைக்கிறது, ஏனென்றால் நான் டெண்டல் லேபில் வேலை செய்கிறேன். பல் செட் செய்யும் பொடிதான் அது. வைத்த அன்றே தேய்த்துவிடுங்கள். மறுநாள் ஆனால் பிளாஸ்டிக்கைவிட இறுகிவிடும், உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத் தின்னும், இது மேடாகவே நிற்கும். 400-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டு.

தொழில் கைகொடுத்த பெரிய இடம் கனோப்பி. ஸ்ட்ரேகா மாதிரிச் சின்னக் கனோப்பியும் அதற்குப் பின்னால் சரிந்து இறங்கும் முதுகும் சாதாரண கிட்டில் வராது. நான் பல் வார்க்கிற மெழுகை விமானத்தின் முதுகிலேயே உருக்கி வைத்து, சூடு காட்டிய கத்தியால் படத்தைப் பார்த்துச் செதுக்குவேன். பக்கவாட்டுக் கோடு சரியாக வந்ததும் சிலிகான் புட்டியில் அச்சு எடுத்து, டை ஸ்டோன் (பல் லேபில் அச்சில் ஊற்றும் கெட்டியான மாவுக் கல்) ஊற்றினால் கல்லாக ஒரு குட்டிக் கனோப்பி கிடைக்கும். சூடாக்கிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டை இதன்மேல் படிய வைத்துத்தான் நிஜக் கனோப்பி எடுப்பது. கல்லை முதலில் நன்றாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூடான ஷீட் படும்போது ஆவி கிளம்பிக் குமிழ் விட்டுவிடும். கல்லின் மேற்பரப்பையும் நைசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அதன் சொரசொரப்பு அப்படியே கண்ணாடியில் விழும். அப்புறம் ஒரு சின்னக் கட்டையின் மேல் ஏற்றி வைக்க வேண்டும், அப்போதுதான் ஷீட் அடிவரை இழுத்துப் பிடிக்கும். காற்றை உறிஞ்சி ஷீட்டை அச்சின் மேல் இழுக்கும் வேக்கும் மெஷினில் ஷீட் சூடாகி, நடுவில் இலேசாகத் தொய்ந்து தொங்கும் நேரத்தில் பிரேமை இறக்க வேண்டும். முந்தினால் மூலை மழுங்கும், பிந்தினால் மெலிந்து கிழியும். சரியாக வந்த கனோப்பியைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்து மெருகேற்றும் நேரம் இருக்கிறதே, என் தொழிலில் எந்தப் பல்லுக்கும் அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

தொழில் என்றதும் நினைவு வந்துவிட்டது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பல் நிறம் பார்க்க ஷேட் கைடு என்று ஒன்று உண்டு, ஏ1, ஏ2, ஏ3 என்று போகும். ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியதைச் சில டாக்டர்கள் இரவு எட்டு மணிக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்து ஏ2 என்று எழுதி அனுப்புவார்கள். நாம் ஏ2 செய்து கொடுப்போம். பகலில் நோயாளி கண்ணாடி பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டதும் "லேப்ல தப்பு பண்ணிட்டாங்கம்மா" என்று ஒரே வரி. திரும்பச் செய்வது நம் கணக்கில். அளவெடுத்த அச்சில் குமிழ் இருந்தாலும் குற்றவாளி லேப்தான். பில் மூன்று மாதம் கழித்து வரும், அதிலும் பேரம். எல்லா டாக்டர்களையும் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதைப் படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். படம் பார்த்து நிறம் சொல்கிற எவரையும் நான் முழுதாக நம்பாததற்குக் காரணம் இந்தத் தொழில்தான் என்று சொல்ல வந்தேன். பழைய கலர் பிலிமில் ஒரே விமானம் ஒரு படத்தில் எலுமிச்சை மஞ்சளாகவும் இன்னொன்றில் மாம்பழ மஞ்சளாகவும் இருக்கும். "இந்த நிறம் தப்பு" என்று யாராவது சொன்னால் எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முடியும், ஆனால் எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. 'ரெட் பாரன்' மேல் கை வைக்காதீர்கள். மஸ்டாங்கில் கிரிஃபன் எஞ்சின் பொருத்தி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ப்ரொப்பல்லர் வைத்தது. 1979-இல் ஸ்டீவ் ஹின்டன் மணிக்கு 499 மைல் பறந்தது அதில்தான். மூக்கு முழுக்கப் புதிதாகச் செய்ய வேண்டும். 'ட்ரெட்நாட்' என்ற பிரிட்டிஷ் சீ ஃப்யூரி விமானமும் வேண்டாம். பர்மா விமானப்படையில் இருந்த இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம் அது; அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் 28 சிலிண்டர் எஞ்சின் மாட்டினார்கள். சீ ஃப்யூரியின் பிரிட்டிஷ் எஞ்சின் ஒரு திசையில் சுற்றும், இந்த அமெரிக்க எஞ்சின் எதிர்த்திசையில். எனவே கிட்டில் வரும் ஐந்து இதழ் ப்ரொப்பல்லர் உதவாது, முறுக்கே தலைகீழ். வேறெங்கிருந்தோ நான்கு இதழ் தேட வேண்டும். கண்காட்சியில் இதைக் கவனித்துக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூடப் பையன் மட்டுமே.

'கேலப்பிங் கோஸ்ட்' மஸ்டாங்கை நான் செய்வதில்லை. 2011 செப்டம்பர் 16 அன்று ரீனோவில் பைலட்டும் பார்வையாளர்களுமாகப் பதினொரு பேர் இறந்த விபத்து அது. திரும்பப் பயன்படுத்திய பழைய பூட்டு நட்டுகள் தளர்ந்து, வாலில் இருந்த ட்ரிம் டாப் என்ற சின்ன அசையும் தகடு அதிர்ந்து உடைந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் 'கோப்ரா 2'-ஐ எடுங்கள். பெல் கம்பெனியின் சோதனை பைலட்டுகள் இருவர் பழைய பி-39 ஏரகோப்ராக்கள் இரண்டை வாங்கிப் பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். ஜாக் வூலம்ஸ் ஓட்டிய சிவப்பு விமானம் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு ஒன்டாரியோ ஏரியில் விழுந்து அவர் இறந்துபோனார். டெக்ஸ் ஜான்ஸ்டன் மஞ்சள் விமானமான 'கோப்ரா 2'-இல் போய் 1946 தாம்சன் கோப்பையை மணிக்குச் சுமார் 374 மைல் வேகத்தில் ஜெயித்தார். பின்னாளில் போயிங் 707-இன் முன்னோடி விமானத்தைச் சியாட்டில் ஏரிக்கு மேலே உருட்டிக் காட்டினாரே, அவரேதான்.

இதில் கனோப்பிக்கு மெழுகும் கல்லும் தேவையில்லை, கிட்டில் இருப்பதே போதும். மூக்கில் இருக்கும் பீரங்கி, இறக்கைத் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் நீக்கி ஓட்டைகளை அடையுங்கள். நான்கு இதழ் ப்ரொப்பல்லர் வேண்டும், பி-63 கிட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் பிளாஸ்டிக் மேல் மஞ்சள் நேரடியாக அடித்தால் பச்சை ஓடும், எனவே முதலில் வெள்ளையில் சிட்டிகை சிவப்பு கலந்து இளஞ்சிவப்பாக ஒரு கோட், அது நன்றாகக் காய்ந்த பிறகு மஞ்சளை மெல்லிய பூச்சாகப் பலமுறை. 84 என்ற பந்தய எண்ணுக்கு டீக்கால் (ஒட்டுப்படம்) தேடி அலையாதீர்கள், மாஸ்கிங் டேப்பில் வெட்டிக் கறுப்பு அடியுங்கள். கடைசியில் பளபளப்புக்கு கிளாஸ் லேக்கர், முதல் இரண்டு முறை பனி விழுவது போல இலேசாக.

கனோப்பி அச்சு பற்றிக் கேட்க வேண்டும் என்றால் கிட் பெயரையும் அளவையும் சேர்த்துப் பின்னூட்டத்தில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பதில் சொல்கிறேன். மற்ற நாள் டாக்டர்கள் விடமாட்டார்கள்.