பழைய பாரசீகப் பட்டுக் கம்பளங்களில் ஒவ்வொரு பூவுக்கும் நிறத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்கிறார்களே, உண்மையா?

கேள்வி கேட்டவர் ஏதோ ஒரு கம்பளக் கடையில் டீ குடித்துவிட்டு, விலையைக் கேட்டுத் தலைசுற்றி இங்கே வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். "சைப்ரஸ் மரம்னா நித்திய வாழ்வு, சிவப்புன்னா வீரம், பச்சைன்னா சொர்க்கம்" என்று யாரோ ஒப்பித்திருப்பார்கள். துபாயின் தேரா பகுதியில் ஒரு கம்பளக் கடையில் ஆறு வருடம் அதை ஒப்பித்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

நான் கலை வரலாறு படித்தவன் இல்லை. ஆரணியில் பட்டுத்தறிக் குடும்பம். பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) தெரியும், அதனால்தான் அந்தக் கடையில் எடுத்தார்கள். எனவே பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

அர்த்தமே கிடையாது என்று சொல்ல வரவில்லை. நான்கு வாய்க்கால்கள் ஓடி நடுக்குளத்தில் சேர்வதுபோல் இருந்தால் அது தோட்டம்தான். 'சஹார் பாக்' என்பார்கள். வறண்ட நாட்டில் தண்ணீர் ஓடும் தோட்டத்தைச் சொர்க்கமாக நினைப்பதற்கு விளக்கவுரை வேண்டாம். வளைவு வாசல் வரைந்திருந்தால் தொழுகை மாடம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிற அர்தபீல் கம்பளத்தில் இன்னும் வெளிப்படை. பாவும் ஊடையும் பட்டு, மேலே தெரியும் முடிச்சு மட்டும் கம்பளி. உன் வாசலைத் தவிர எனக்கு உலகில் புகலிடம் இல்லை என்ற பொருளில் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் ஈரடியை அதிலேயே நெய்து, மக்ஸூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் (கி.பி. 1539-40) போட்டிருக்கிறார்கள். அதே கம்பளத்தில் இரண்டு தொங்குவிளக்குகள் உண்டு, ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஏன் அப்படி என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. மாங்காய் டிசைனும் அப்படித்தான். நமக்கு அது மாங்காய். அவர்களுக்கு 'போத்தே', அதாவது புதர்ச்செடி. காற்றில் வளைந்த சைப்ரஸ் என்பார் ஒருவர், தீச்சுடர் என்பார் இன்னொருவர்.

பெயரிலேயே கோட்டைவிட்ட கதையும் இருக்கிறது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் காலத்தில் பொன், வெள்ளி இழை சேர்த்து நெய்த பட்டுக் கம்பளங்கள் சிலவற்றை ஒரு போலந்து இளவரசர் 1878 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். போலந்தில் நெய்தவை என்று நினைத்து 'பொலொனேஸ்' (பிரெஞ்சில் 'போலந்துடையது') என்று பெயர் வைத்தார்கள். தப்பு என்று தெரிந்த பிறகும் ஏலக்கடையில் அதே பெயர்தான்.

இப்போது என் கதை. 2014 என்று ஞாபகம். கோயம்புத்தூர்த் தம்பதி ஒருவர் வந்தார்கள். நான் விரித்துப் போட்டது ஈரானின் கோம் நகரத்துப் பட்டுக் கம்பளம். அசல் பட்டுதான், அதில் பொய் இல்லை. ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிர்நீலம், எதிர்ப்பக்கம் போனால் கருநீலம். அந்த அக்கா குனிந்து தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நீ நம்ம ஊர்ப் பையன். உண்மையச் சொல்லு, இது நூத்தி இருபது வருசப் பழசா?"

மேலாளர் பின்னாலேயே நின்றார். "ஆமாங்க்கா" என்றேன்.

ஓரத்தில் ஓர் இதழ் மட்டும் நிறம் மாறியிருந்ததை அவரே கண்டுபிடித்தார். உடனே அடுத்த கதையை எடுத்துவிட்டேன்: கடவுள் ஒருவரே பிழையற்றவர் என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு தப்பு வைப்பார். "எவ்வளவு அடக்கம் பாருங்க" என்று கணவரிடம் சொன்னார், கண் கலங்கிவிட்டது. கார்டு தேய்த்தார்கள். எனக்குக் கமிஷன் வந்தது.

கோமில் கம்பள நெசவு தொடங்கியதே 1930களில்தான். அது எனக்கு அன்றே தெரியும்.

"வேண்டுமென்றே விடும் பிழை உண்மையான மரபு" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: எங்கோ யாரோ ஒருவர் பணிவுக்காக விட்டிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் நகரத்துப் பட்டறைகளில் கட்டம் போட்ட தாளைப் பார்த்து முடிச்சு முடிச்சாக நெய்வார்கள். சில இடங்களில் ஒருவர் நிறங்களைப் பாட்டாகச் சொல்ல மற்றவர்கள் முடிச்சுப் போடுவார்கள். சதுர அங்குலத்தில் 500 முடிச்சு விழும் இடத்தில் பிழை தானாக வரும். என் அப்பா ஓர் இழை தவறவிட்டால் முதலாளி கூலியில் பிடிப்பார். கடவுளுக்காக விட்டேன் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

கூலி என்றதும் ஞாபகம் வருகிறது. ஆறு வருட கிராஜுவிட்டியில் பாதிதான் கைக்கு வந்தது, மீதிக்கு "கணக்குப் பார்க்கிறோம்" என்றார்கள், இன்னும் பார்க்கிறார்கள். ஊரில் இறங்கினால் "சென்ட் பாட்டில் எங்கே?" என்று கேட்கிறார்கள். கொண்டுவராததால் பெரியப்பா மகன் இன்றுவரை பேசுவதில்லை. துபாயில் பணம் காய்க்கும் மரம் இருக்கிறது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

சரி, உங்கள் விஷயம். பூவைப் பார்த்தது போதும், கம்பளத்தைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கமும் டிசைன் தெளிவாகத் தெரிய வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகிதம் எரியும் வாடை என்றால் ரேயான் மாதிரி ஏதோ ஒன்று. குஞ்சத்தில் எடுக்காதீர்கள், அது பாவு நூல், அது மட்டும் பட்டாக இருக்கலாம். முடிச்சிலிருந்து எடுக்க வேண்டும். "கோம் பட்டு, 150 வருடம்" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். டீ நன்றாக இருக்கும், எங்கள் கடையில் குங்குமப்பூ போடுவோம்.