காய்ந்துபோன செங்காந்தளுக்கு என்ன மருந்து?

கேள்வி: வேலியோரம் செங்காந்தள் கிழங்கு ஆறு வாங்கி நட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் கண்கொள்ளாமல் பூத்தது. தை பிறந்ததும் இலைகள் மஞ்சளாகி, இப்போது மாசியில் கொடி முழுவதும் காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். கடைக்காரர் வேரழுகல் என்று சொல்லி ஒரு பூஞ்சணக்கொல்லியும் வளர்ச்சி டானிக்கும் கொடுத்தார். இரண்டையும் ஊற்றியும் துளிர்க்கவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டினேன். ஒரு கிளை கொழகொழவென்று இருக்கிறது. மற்றவற்றைக் காப்பாற்ற வேறு என்ன மருந்து ஊற்றலாம்? (பல்லடம் பகுதி வாசகி)

பதில்: எதையும் ஊற்றாதீர்கள் அம்மா. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள், இன்றைக்கே.

கொடி காய்ந்தது நோயால் அல்ல. பூத்து ஓய்ந்ததும் கொடி காய்வதும், கிழங்கு மண்ணுக்குள் உறங்குவதும் செங்காந்தளின் இயல்பு. கோடை முழுவதும் காய்ந்து கிடந்து, ஆனி, ஆடி மழையின் ஈரம் பட்டதும் முளைவிடும். அந்த உறக்கத்தில் தினமும் நனைத்ததால்தான் கிழங்கு அழுகுகிறது. நோய் தானாக வரவில்லை, வாளியில் வந்தது.

இந்த ஒன்றை நான் எத்தனை முறை எழுதினாலும் போதாது என்றே நினைக்கிறேன். நம் மண்ணின் கிழங்குப்பூக்களை வளர்ப்பவர்கள் உரத்துக்கும் மருந்துக்கும் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட அதன் ஓய்வுக்குக் காட்டுவதில்லை. பூ முடிந்த பிறகு பச்சையாக நிற்கும் கொடிதான் அடுத்த ஆண்டுக்கான கிழங்கைப் பருக்கவைக்கிறது. பார்க்க அழகாக இல்லை என்று அதை அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்து அறுத்ததாகும். இலை தானாகப் பழுத்து, தண்டு தானாகச் சருகாகி, இழுத்தால் கையோடு வர வேண்டும். பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து, சருகானதும் ஒரேயடியாக நிறுத்திவிடுங்கள்.

இலையே இல்லாத செடிக்கு வளர்ச்சி டானிக் விற்றவரை என்ன சொல்வது? ஊட்டத்தை வாங்கிக்கொள்ள மேலே ஒரு தளிர்கூட இல்லை. கொடியைக் கண்ணால் பார்க்காமல், எந்த மாதம் என்றும் கேட்காமல் புட்டியை எடுத்து நீட்டுபவரிடம் இனி விதைகூட வாங்காதீர்கள்.

தோண்டிய கிழங்கைக் கவனியுங்கள். உழவர்கள் இதைக் கலப்பைக்கிழங்கு என்பதற்கு ஏற்ப, கவை போல இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு முளை. அந்த நுனி முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. பழைய கிழங்கு ஆண்டுதோறும் தக்கையாகச் சுருங்கி, பக்கத்தில் புதிது உருவாகும். தக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொழகொழத்து நாற்றம் அடித்தால்தான் அழுகல். அழுகிய கிளையைக் கவை சேருமிடத்தில் அறுத்து எறிந்துவிட்டு, கெட்டியான கிளையை நிழலில் உலர்த்துங்கள். வெட்டுவாய் காய்ந்ததும் உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். மற்ற ஐந்தும் நிற்கும் இடம் ஈரம் வடியாத கரிசல் என்றால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். செம்மண் என்றால் அப்படியே இருக்கட்டும், தொடாதீர்கள்.

கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார், நீங்களும் கேட்கவில்லை: இந்தச் செடி முழுவதும் விஷம், கிழங்கும் விதையும் கொடிய விஷம். இதிலுள்ள கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் மூட்டுவாத மருந்துக்கு உதவுகிறது. ஆனால் கிழங்கைச் சமையல் கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தோண்டிய கிழங்கைத் திண்ணையில் காய வைக்காதீர்கள். வீட்டில் குழந்தையோ ஆடோ இருந்தால் வேலியோரம் இதற்கு ஏற்ற இடமே இல்லை.

இன்னொன்று. இந்தக் கிழங்கு எங்கிருந்து வந்தது? காட்டில் தோண்டி எடுத்து மூட்டையாக வருவதை நர்சரிகள் விற்கின்றன. நம் மாநில மலர் காட்டிலிருந்து அப்படித்தான் குறைகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிரிடும் உழவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கும் தொலைவில்லை. அவர்களிடம் விதைக்கிழங்கு கேளுங்கள். யார் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். விதை போட்டும் வளர்க்கலாம், பூவுக்குச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும்.

ஆடியில் திரும்ப நடும்போது நான்கு விரல்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து நடுங்கள். மக்கிய தொழுவுரம் போதும், யூரியா வேண்டாம். முளை மண்ணுக்கு மேல் தெரிந்த பிறகே தொடர்ந்து தண்ணீர். இலை நுனிதான் இந்தக் கொடிக்குப் பற்றுக்கம்பி. அது மெல்லிய குச்சியைச் சுற்றிக்கொள்ளும், தடித்த மூங்கிலைச் சுற்றாது. காய்ந்த விராலிக் குச்சிகளை நட்டுவிடுங்கள். கறுப்பு உடலில் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி வைத்த புழு இலையைத் தின்னும். ஆறு செடிக்கு மருந்தடிக்க வேண்டியதில்லை, காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.