வேர்ட்பிரஸ் மெனுவில் ஒரு பக்கத்தை நீக்கியதும் அதன் துணைப் பக்கங்கள் தனியாக வந்து நிற்பது ஏன்?

தீமின் (தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பு) ஹெடர் ஃபைலில், பக்கங்களைப் பட்டியலிடும் லிஸ்ட் பேஜஸ் (wp_list_pages) ஃபங்ஷனுக்கு 'எக்ஸ்க்ளூட்' (exclude) என்று பக்கத்தின் எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் போகும். தாய்ப் பக்கம் இல்லாத துணைப் பக்கங்கள் பட்டியலின் கடைசியில் முதல்நிலைப் பக்கங்கள் போல ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக 'எக்ஸ்க்ளூட் ட்ரீ' (exclude_tree) போடுங்கள், துணைப் பக்கங்களும் சேர்ந்து கிளையோடு போய்விடும். பக்கத்தின் எண் வேண்டுமா? எடிட் திரையைத் திறந்து முகவரிப் பட்டையைப் பாருங்கள். 'போஸ்ட்' என்பதற்குப் பின் சமக்குறி, அடுத்து 42 என்பதுபோல் இருக்கும். பல எண்கள் என்றால் நடுவில் காற்புள்ளி.

பட்டியலுக்கு மேலே 'பேஜஸ்' என்ற தலைப்பு தானாக வரும்; 'டைட்டில் எல்ஐ' (title_li) மதிப்பை வெறுமையாக விட்டால் மறையும். முதல்நிலை மட்டும் போதுமென்றால் 'டெப்த்' (depth) மதிப்பு 1.

மாற்றத்தைக் கட்டாயம் சைல்ட் தீமில் (மூல தீமைச் சார்ந்து இயங்கும் தனித் தீம்) செய்யுங்கள். மூல தீமில் செய்தால் அடுத்த அப்டேட்டிலேயே அழிந்துவிடும். பக்கங்களை அட்மின் திரையிலேயே தேர்ந்து அடுக்கும் மெனு வசதியைத் தீம் ஆதரித்தால், 2010இல் வேர்ட்பிரஸ் 3.0 பதிப்போடு வந்த அந்த வசதியே இதைவிட எளிது.