பல்கலைக்கழக நூலகங்களில் வரைபடமும் நிலத்தரவும் தேடுதல்: கேள்வி பதில்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் வரைபடப் பிரிவில் நெடுநாள் பணியாற்றியவன் என்பதால், இணையத்தில் பழைய வரைபடங்களையும் புவியியல் தரவுகளையும் தேடுவது குறித்த வாசகர்களின் கேள்விகளுக்கு விடையளிக்குமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): எங்கள் ஊரின் பழைய வரைபடம் வேண்டுமென்றால் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேடு என்கிறார்கள். நம் ஊர் வரைபடம் அங்கே எப்படிப் போனது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் வரைபடப் பிரிவு உலகின் பெரும்பகுதிக்கு வரைபடங்களைத் தொகுத்தது. போர் முடிந்தபின் அவற்றின் படிகளைத் தன் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்குப் பகிர்ந்தளித்தது. அந்த வரிசையில் வந்ததுதான் 1950களில் அச்சான, 1:2,50,000 அளவையுடைய, யு502 என்ற குறியெண் கொண்ட இந்திய - பாகிஸ்தான் தொகுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ரி-காஸ்டனேடா நூலகம் அதை முழுத் தாள்களாக ஸ்கேன் செய்து, எவரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. கடற்கரையையும் எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் டோப்போஷீட்டுகள், அதாவது இந்திய நில அளவைத் துறையின் நிலவமைப்பு வரைபடத் தாள்கள், நம் நாட்டில் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடைக்காதவையாக இருந்தன. தூத்துக்குடிக் கடற்கரையைப் பார்க்க ஆஸ்டினின் கதவைத் தட்டவேண்டியிருந்ததில் உள்ள முரண் எனக்கு இன்றும் வியப்பூட்டுவது.

தாள்களின் எண்முறையைப் புரிந்துகொண்டால் தேடல் எளிதாகிவிடும். உலகை 4 பாகை அட்சரேகையும் 6 பாகை தீர்க்கரேகையும் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏ, பி, சி, டி என்று எழுத்துகளும், கிழக்கு நோக்கி எண்களும் கொடுத்திருக்கிறார்கள். 8 முதல் 12 பாகை வரை சி. 72 முதல் 78 பாகை வரை 43. அதற்கடுத்த ஆறு பாகைக்கு 44. முன்னால் வரும் என். வடக்கைக் குறிக்கும். ஆகவே திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் என்.சி. 43இல் வரும், மதுரையும் தஞ்சாவூரும் என்.சி. 44இல் வரும், 12 பாகைக்கு வடக்கே உள்ள சென்னை என்.டி. 44இல் வரும். நூலகத்தின் தளத்தில் உள்ள சுட்டு வரைபடத்தில் தங்கள் கட்டத்தைச் சொடுக்கினால் தாள் திறக்கும்.

ஓர் எச்சரிக்கை. தாளில் 1955 என்று அச்சிட்டிருப்பதால் அது 1955ஆம் ஆண்டின் நிலத்தைக் காட்டுகிறது என்று கொள்ளக்கூடாது. இவை பெரும்பாலும் இந்திய நில அளவைத் துறையின் முந்தைய தாள்களைக் கொண்டு தொகுக்கப்பட்டவை. எந்த ஆண்டின் நில அளவையிலிருந்து எடுத்தார்கள் என்பதைத் தாளின் ஓரக்குறிப்பில் பாருங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்): ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எர்த்வொர்க்ஸ் என்ற வரைபடத் தேடல் தளத்தில் 'தஞ்சாவூர்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினேன். ஒன்றிரண்டுதான் கிடைத்தன. நான் தேடுவதில் பிழையா?

பதில்: பிழை தங்களுடையது அன்று, அம்மா. நூலகப் பதிவுகளை எழுதியவர்கள் தாளில் அச்சான பெயரையே எழுதினார்கள். ஆகவே தஞ்சாவூர் 'டான்ஜோர்' என்றும், திருச்சிராப்பள்ளி 'ட்ரிச்சினாப்பொலி' என்றும், திருநெல்வேலி 'டின்னவெல்லி' என்றும், நாகப்பட்டினம் 'நெகபட்டாம்' என்றும், காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' என்றும் அங்கே உறங்கிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலைத் தட்டிப் பாருங்கள். விடை உடனே பெருகும்.

அதைவிட நல்ல வழி பெயரையே விட்டுவிடுவதுதான். எர்த்வொர்க்ஸ் போன்ற தளங்கள் ஜியோபிளாக்லைட் என்ற திறமூல மென்பொருளில் இயங்குகின்றன. அதில் ஒவ்வொரு பதிவுக்கும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளைக் கொண்ட ஒரு செவ்வகம் இணைக்கப்பட்டிருக்கும். திரையில் உள்ள வரைபடத்தைக் காவிரிப் படுகை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கி, அந்தப் பரப்புக்குள் தேடுமாறு பணித்தால், பெயர் எந்த மொழியில் எந்த எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் அங்கே விழும் பதிவுகள் வந்துவிடும். பரப்பை மிகச் சிறிதாக்கினால் உலகம் முழுவதையும் மூடும் பதிவுகளும் சேர்ந்து வந்து தொல்லை தரலாம். அப்போது பக்கத்தில் உள்ள வடிகட்டிகளில் ஆண்டையும் தரவு வகையையும் தேர்ந்தெடுங்கள். இப்படிப்பட்ட தளங்கள் பதிவுகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால், ஸ்டான்ஃபோர்டில் தேடும்போதே ஹார்வர்டிலோ பிரின்ஸ்டனிலோ உள்ளதும் கண்ணில் படும்.

கேள்வி (ஏரிப் பாதுகாப்புக் குழு, மதுரை மாவட்டம்): எங்கள் கண்மாயின் பழைய பரப்பை நிறுவ மேற்சொன்ன டெக்சாஸ் வரைபடத்தை வழக்கில் தாக்கல் செய்யலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். 1:2,50,000 அளவையில் தாளின் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் 250 மீட்டர். கரையைக் குறித்த கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் என்றால் நூறு மீட்டருக்கு மேல் அந்தக் கோட்டுக்குள்ளேயே மறைந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இந்தக் கணக்கு தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் தங்கள் ஆதாரம் கரைந்துவிடும். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற பழைய தாளில்கூட ஒரு மில்லிமீட்டர் ஏறத்தாழ 63 மீட்டர். கண்மாய் அங்கே இருந்தது என்று காட்ட இவை உதவும். எதுவரை இருந்தது என்று காட்ட உதவா.

எல்லைக்குச் சட்ட மதிப்புள்ள ஆவணங்கள் வருவாய்த் துறையின் புலப்படமும் கிராம வரைபடமும் அ-பதிவேடுமே. அவை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்கமாட்டா. நீர் எதுவரை நின்றது என்பதற்குத் துணைச் சான்றாக ஒன்றைச் சொல்கிறேன். 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கொரோனா படங்கள் 1995இல் இரகசிய நீக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் பிற்காலப் படங்களில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருளும் துலங்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த்எக்ஸ்புளோரர் தளத்தில் தங்கள் பகுதியைச் சுட்டித் தேடலாம். முன்பே ஸ்கேன் செய்யப்பட்டவை இலவசம், செய்யப்படாதவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஆர்கன்சா பல்கலைக்கழகம் கொரோனா படங்களைச் சீர்செய்து தனித் தளமாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதன் கவனம் பெரிதும் மேற்காசியாவின் மீதுதான். படம் எடுத்த மாதத்தைக் குறிப்பிட மறவாதீர்கள். மார்கழிக் கண்மாயும் வைகாசிக் கண்மாயும் ஒன்றல்ல.

கேள்வி (பலர் கேட்டது): எர்த்வொர்க்ஸ் போன்ற தளத்தை நடத்தும் பல்கலைக்கழகத்தின் மாணவராக இல்லாமல் தரவை இறக்க முடியுமா?

பதில்: 'பொது' என்று குறித்தவற்றை முடியும். 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று இருந்தால், அது பெரும்பாலும் நூலகம் ஒரு நிறுவனத்திடம் உரிமம் பெற்று வாங்கிய தரவு. அந்தப் பல்கலைக்கழகத்தில் உள்ளவர்க்கு மட்டுமே திறக்கும். நண்பரின் கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள். அந்தப் பதிவில் தரவை உருவாக்கியவரின் பெயர் இருக்கும்; பல வேளைகளில் அதே தரவை அவரே வேறிடத்தில் இலவசமாகத் தருகிறார்.

கேள்வி (குடிசார் பொறியாளர், கோயம்புத்தூர்): பழைய டோப்போஷீட்டை, வரைபடங்களைக் கையாளும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் மூலைப் புள்ளிகளைக் கொண்டு பொருத்தினேன். சாலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கின்றன. ஏன்?

பதில்: ஸ்கேன் செய்த தாளை நிலத்தின் உண்மையான இடத்தோடு பொருத்தும் இந்த வேலையை ஆங்கிலத்தில் ஜியோரெஃபரன்ஸ் என்பார்கள். சிலர் இதைப் 'புவிசார் குறியீடு' என்று தமிழாக்குகிறார்கள். அந்தப் பெயரைத்தான் திண்டுக்கல் பூட்டும் மதுரை மல்லியும் முன்பே வாங்கிக்கொண்டுவிட்டனவே! 'நிலப்பொருத்தம்' என்று வைத்துக்கொள்வோம்.

எல்லாம் ஒரே பக்கமாக விலகினால் குற்றம் பெரும்பாலும் அடிப்படை மாதிரியில், அதாவது பூமியின் வடிவத்துக்கு வரைபடம் கொண்ட கணக்கில் இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள், 1802இல் பரங்கிமலையருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் வழிவந்த எவரெஸ்ட் நீள்கோளத்தின்மேல் அமைந்தவை. செல்பேசியும் செயற்கைக்கோள் படமும் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரியை. இரண்டிலும் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். நிலப்பொருத்தம் செய்யும்போது மூலைகளை எவரெஸ்ட் மாதிரியில் இட்டு, அதன்பின் மாற்றுங்கள். அல்லது மூலைகளை மறந்துவிட்டு, இன்றும் இடம் மாறாத கோயில் கோபுரம், இரயில் பாலம், மலையுச்சி ஆகியவற்றைப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் பிடியுங்கள். புதுச்சேரி, காரைக்கால் பற்றிய பழைய பிரெஞ்சு வரைபடமானால் தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து அல்லாமல் பாரிசிலிருந்து எண்ணப்பட்டிருக்கும். ஏறத்தாழ 2 பாகை 20 கலை கூட்டவேண்டும்.

கேள்வி (ஆய்வு மாணவி, சென்னை): கிராம அளவில் மக்கள்தொகைத் தரவும் எல்லைக் கோடுகளும் சேர்ந்து கிடைக்குமா?

பதில்: கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சியெசின் நடுவம் நாசாவுக்காக நடத்திவந்த செடாக் என்ற தரவுக் களஞ்சியத்தில், 1991, 2001 ஆகிய கணக்கெடுப்புகளை இந்தியக் கிராம எல்லைகளோடு இணைத்த தொகுப்பு ஒன்று வெளியாகியிருக்கிறது. மாவட்ட, வட்ட எல்லைகளுக்கு வில்லியம் அண்டு மேரி பல்கலைக்கழகத்தின் ஜியோபவுண்டரிஸ் என்ற எல்லைத் தரவுத் தொகுப்பு பயன்படும். ஆனால் எல்லையின் ஆண்டும் கணக்கெடுப்பின் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2001 கணக்கெடுப்பில் 30 மாவட்டங்கள், 2011இல் 32, இன்று 38. இன்றைய எல்லைக்குள் 2001இன் எண்ணை ஊற்றி வண்ணம் தீட்டிய ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன். வண்ணம் அழகாகத்தான் இருந்தது.

இன்னொன்று: இத்தகைய எல்லைக் கோடுகள் பெரும்பாலும் வரும் ஷேப்ஃபைல் என்ற வடிவம் ஒரே கோப்பு அன்று. எஸ்.எச்.பி., எஸ்.எச்.எக்ஸ்., டி.பி.எஃப்., பி.ஆர்.ஜே. என்ற நான்கையும் சேர்த்தே படியெடுங்கள். தரவு எந்த மாதிரியில் அமைந்தது என்று சொல்லும் கடைசியானதை விட்டால் முந்தைய கேள்வியின் தொல்லை தங்களுக்கும் வரும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): என் பாட்டனார் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளியாக இருந்தார். அக்காலத் தெருக்களைப் பார்க்க வழியுண்டா?

பதில்: தங்கள் ஊரிலேயே உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகம் பழைய சிங்கப்பூர் வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் ஏற்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது.

கேள்வி (சிற்றிதழ் ஆசிரியர்): இறக்கிய வரைபடத்தை இதழில் அச்சிடலாமா?

பதில்: இடத்துக்கு இடம் விதி வேறு. அமெரிக்க இராணுவ வரைபடங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 2016இல் திறந்த வரைபட நடுவத்துக்குப் பெயர் கொடுத்த வரைபடச் சேகரிப்பாளர் டேவிட் ரம்சியின் தொகுப்பில் படங்களை வணிக நோக்கமின்றி, மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். விலைக்கு விற்கும் இதழென்றால் அனுமதி கேளுங்கள். இந்திய அரசு வெளியிட்டவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. இவை எல்லாவற்றையும்விடக் கவனிக்கவேண்டியது நாட்டின் எல்லை. வெளிநாட்டுத் தரவுகளில் காஷ்மீர் பெரும்பாலும் நம் அரசு காட்டுவதுபோல் இராது. நில அளவைத் துறையின் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய எல்லையை இங்கே வெளியிடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்): நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றுமே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஐயா; பூட்டிய பீரோவில் இருக்கிறது. அட்டவணை இல்லாத வரைபடம் இல்லாத வரைபடத்துக்குச் சமம் என்பதுதான் என் வருத்தம். ஆயினும் ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா தளத்தில் புவியியல் துறை ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். கள ஆய்வில் வரைந்த வரைபடங்கள் அவற்றுள் எவராலும் தேடப்படாமல் கிடக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் ஆங்கிலேயர் காலத்து ஊர் விவரத் தொகுப்பான இம்பீரியல் கெசட்டியரும், ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க் தொகுத்து 1978இல் வெளியான தெற்காசிய வரலாற்று நிலப்படத் தொகுப்பும் முழுமையாக உள்ளன. நம் நூல்கள் சிகாகோவில் குவிந்ததற்குப் பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த கோதுமையும் ஒரு காரணம். கோதுமைக்கு இந்தியா கொடுத்த ரூபாயைக் கொண்டு 1962 முதல் இங்கே நூல் வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். இன்றைய 1:50,000 தாள்களை நில அளவைத் துறையே தன் இணையதளத்தில் தருகிறது.

கேள்வி (பலர்): எல்லாம் தேடியும் கிடைக்காவிட்டால்?

பதில்: வரைபட நூலகருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஸ்கேன் செய்யாத தாள்கள் ஸ்கேன் செய்தவற்றைவிட மிகுதி. அவை எந்த இழுப்பறையில் உள்ளன என்பது அவருக்குத்தான் தெரியும். 'தமிழ்நாட்டுப் பழைய வரைபடங்கள் வேண்டும்' என்று எழுதினால் விடை வராது. நான்கு எல்லைகளின் பாகைகள், வேண்டிய அளவை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எதற்காக என்ற நான்கையும் ஆறு வரிக்குள் எழுதி, ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள் என்பதையும் சேருங்கள். அப்படி எழுதி வந்த கடிதத்தை நான் ஒருபோதும் மறுநாளைக்குத் தள்ளியதில்லை.